நாற்பத்தோராம் வரி

அமராவதி வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் கிடையாது. புஞ்சாக் ஆலாமில் ஒரு கடைவரிசை. கீழே மருந்துக்கடை, அதற்கு மேல் ஒரு டியூஷன் சென்டர், மூன்றாம் மாடியில் இந்த நடவடிக்கை மையம். வெள்ளம், தீ, சாலையில் விழுந்த மரம், உடைந்த கரை என்று வட சிலாங்கூரின் மூலைமுடுக்குகளிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். வெளியில் வெயிலா மழையா என்று பார்க்கக் கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கேதான் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருந்தது. எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தன் தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்று தெரியாது.

வயது நாற்பத்தாறு. புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த வருடம் தோட்டம் கைமாறியது. குடும்பம் ரவாங்குக்குப் பெயர்ந்தது. அங்கே மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வாங்கியவர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் மேசை அவளுக்குக் கிடைத்தது. யார் எவ்வளவு கத்தினாலும் தன் குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ள அங்கேதான் பழகினாள்.

இருபத்தேழு வயதில் லிங்கேஸ்வரனைக் கட்டிக்கொண்டாள். அவன் லோரி ஓட்டினான். பிறகு ஜொகூரில் வேலை கிடைத்துப் போனான். வாரம் ஒரு முறை வந்தவன் மாதம் ஒரு முறை வந்தான், அதற்குப் பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தான். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் கேட்பவர்களிடம் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். ஒரு நாள் அவன் விவாகரத்துப் பத்திரத்தோடு வந்தான், இவள் கையெழுத்துப் போட்டாள், அவனே அவளைக் காரில் ஏற்றிவந்து வேலையிடத்தில் இறக்கிவிட்டுப் போனான். பிள்ளைகள் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்தார்கள். ரவாங்கில் இருக்கும் தங்கை அன்பரசி தினமும் காலையில் பூப் படம் போட்டு வணக்கம் அனுப்புவாள். இவளும் ஒரு பூ அனுப்புவாள். பல நாள் அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

மையத்தில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. முதல் ஆறு வருடம் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும்தான். பிறகு பெரிய திரை வந்தது. சுவரை அடைத்துக்கொண்டு இடது பக்கம் வரைபடம், வலது பக்கம் பட்டியல். ஒவ்வொரு சம்பவமும் வரைபடத்தில் ஒரு புள்ளி. ஆபத்து அதிகமென்றால் சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு, அதற்கும் கீழே மஞ்சள். ஒரே இடத்திலிருந்து நிறையப் பேர் அழைத்தால் புள்ளி பெரிதாகும். அழைப்பவர் சொல்லும் பதில்களை வைத்து அமைப்பு நூற்றுக்கு மதிப்பெண் போடும். எத்தனை பேர், குழந்தை உண்டா, நோயாளி உண்டா, தண்ணீர் எவ்வளவு உயரம், நிற்க முடிகிறதா. அந்த மதிப்பெண் வரிசையில்தான் பட்டியல் நிற்கும். திரையில் ஒரே பார்வையில் பதினெட்டு வரிகள் தெரியும். பத்தொன்பதாவது வரியைப் பார்க்க வேண்டுமென்றால் சுட்டியை உருட்ட வேண்டும்.

ஆட்களை அனுப்பி வேலை முடிந்ததும் புள்ளி சாம்பல் நிறமாகும். அரை மணி நேரம் கழித்து மறைந்துவிடும். அழைத்தவர் பிழைத்தாரா, வீட்டுக்குத் திரும்பினாரா, அவரைத் தேடி யாராவது வந்தார்களா, ஒன்றும் திரைக்கு வராது. அமராவதி கேட்டதெல்லாம் கதைகளின் முதல் பாதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது பெரிய வேதனையாக இருக்கும், ஆறு மாதத்தில் பழகிவிடும் என்பார்கள். அவளுக்குப் பதினோரு வருடத்திலும் பழகவில்லை. யாரிடமும் அதைச் சொன்னதும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் வியாழக்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. அதோடு கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. கடல் ஏறி நிற்கும்போது மதகைத் திறக்க முடியாது; ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் நிலத்துக்குள் திரும்பும். சபாக் பெர்ணம் பக்கம் விடியற்காலையிலேயே கரை ஓரிடத்தில் சரிந்துவிட்டது. அமராவதி காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபோது பட்டியலில் இருபத்தாறு வரிகள் இருந்தன. ஒன்பது மணிக்கு ஐம்பதைத் தாண்டியது.

ஒன்பது பத்துக்கு அந்த அழைப்பு வந்தது.

"ஹலோ, வெள்ளத்துக்குப் போன் போடுற எடமா இது?"

வயதான பெண்குரல். தமிழ். அமராவதி மலாய் மொழியிலிருந்து தமிழுக்கு மாறினாள்.

"ஆமாம்மா, சொல்லுங்க. எங்கேருந்து பேசுறீங்க?"

"மெராக் தோட்டம்மா. சுங்கை ஆயர் தாவார் தாண்டி உள்ள வரணும். பழைய லயத்து வீடு. எம் பேரு காளியம்மா."

"எத்தன பேரு இருக்கீங்க?"

"நா ஒருத்திதான். பக்கத்துல இருந்த வங்காளிப் பசங்க நேத்தே லோரில போய்ட்டாங்க."

"தண்ணி எவ்ளோ இருக்கு?"

"முட்டிக்கு வந்திருச்சி."

"நிக்க முடியுதா?"

"நிக்கிறேம்மா."

"சீக்கு எதுவும் இருக்காம்மா?"

"இனிப்புநீருதான். அது யாருக்குத்தான் இல்ல?" கிழவி லேசாகச் சிரித்தாள். "ஒனக்குத் தொண்ட கட்டியிருக்கே. காலைலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கியா?"

இந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதை அழைக்கிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

"பரவாயில்லம்மா. ஒடனே ஆள் வரணுமா?"

"ஒன்னும் அவசரமில்லம்மா. புள்ளகுட்டி உள்ளவங்கள மொதல்ல பாருங்க. பொறவு வாங்க."

பதில்களைத் தட்டினாள். ஒருவர். முழங்கால். நிற்க முடிகிறது. நீரிழிவு. அவசரமில்லை என்று அவரே சொல்கிறார். அமைப்பு இருபத்து மூன்று மதிப்பெண் போட்டது. வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி. பட்டியலில் நாற்பத்தோராம் வரி. அடுத்த அழைப்பு ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கெல்லாம் வரைபடத்தின் நடுவில் ஒரு பெரிய சிவப்பு வட்டம் உட்கார்ந்திருந்தது. அது புதிதாகக் கட்டிய வீடமைப்புப் பகுதி, ஒரு தாமான். முந்நூறு வீடு, வீட்டுக்கு மூன்று கைப்பேசி. எல்லாரும் அழைத்தார்கள். அழைத்தவர்களே திரும்பவும் அழைத்தார்கள். அங்கே தண்ணீர் இடுப்பளவு. பாதி வீடுகளுக்கு மாடி இருந்தது. ஆனாலும் வட்டம் பெருத்துக்கொண்டே போனது. அறையில் இருந்த ஆறு பேரின் கண்ணும் அதையே பார்த்தது. சிவப்பாகவும் பெரியதாகவும் ஒன்று எதிரில் இருக்கும்போது அதை விட்டுக் கண்ணை எடுப்பது லேசான காரியம் இல்லை.

பதினொன்று இருபதுக்கு அழைப்புகள் சற்று ஓய்ந்தன. அமராவதி தண்ணீர் குடித்துக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தாள். ஆற்றங்கரை நெடுக நீர்மட்ட மானிகள். மட்டம் ஏற ஏற அவையும் நிறம் மாறும். ஒவ்வொன்றாக ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் போயிருந்தன. வரிசையில் ஒன்றே ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. அது எப்படி என்று யோசித்தாள். மேலே இருக்கும் மானி சிவப்பு, கீழே இருக்கும் மானியும் சிவப்பு, நடுவில் மட்டும் எப்படித் தண்ணீர் குறையும்?

அதன் மேல் சொடுக்கினாள். கடைசியாகச் செய்தி வந்த நேரம் காலை எட்டு நாற்பது. அதற்குப் பிறகு அந்த மானி எதுவும் அனுப்பவில்லை. கடைசியாகச் சொன்னது பச்சை என்பதால் திரை இன்னமும் பச்சையையே காட்டிக்கொண்டிருந்தது. மானி முழுகிப்போயிருந்தது.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். மெராக் தோட்டம்.

உடனே காளியம்மாவின் எண்ணுக்கு அழைத்தாள். அணைந்திருந்தது. மறுபடி அழைத்தாள். அதேதான். பட்டியலை உருட்டிக் கீழே போனாள். ஒன்பது பத்துக்குத் தான் தட்டிய வரி, மாறாமல், இப்போது ஐம்பத்தெட்டாம் இடத்தில் இருந்தது. அந்தத் தோட்டத்திலிருந்து வேறு யாருமே அழைக்கவில்லை. அழைக்கவில்லை என்பதற்கு அமைப்பில் மதிப்பெண் கிடையாது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. முழங்கால் அளவு என்றாள் கிழவி. எதன் மேல் நின்றுகொண்டு முழங்கால் அளவு? அதைக் கேட்கவே இல்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

எழுந்து ஷிப்ட் தலைவர் ஹம்டானிடம் போனாள். அவர் அவளைவிட ஐந்து வயது இளையவர்; நல்ல மனுஷர், அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். இருவரும் மலாயில் பேசினார்கள். அவருக்கு அவள் 'காக்', அக்கா; அவளுக்கு அவர் 'என்சிக்', ஐயா.

"என்சிக், அந்தப் பக்கம் எத்தனை படகு?"

"மூன்று. இரண்டு தாமானில். மூன்றாவது ஐந்தாம் வரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நுரையீரல் நோயாளி, எழுபத்து நான்கு வயது. ஏன் காக்?"

"அதைத் திருப்ப வேண்டும். மெராக் தோட்டத்துக்கு."

ஹம்டான் பட்டியலைப் பார்த்தார். "ஐம்பத்தெட்டாம் வரி. இருபத்து மூன்று மதிப்பெண். தோட்டம் எதிர்த்திசை, போக ஒரு மணி நேரம். ஐந்தாம் வரி எழுபத்தொன்று. நாளைக்கு என்னைக் கேட்டால் நான் என்ன எழுதுவது?"

"மானி பேசவில்லை. போனும் பேசவில்லை. இரண்டும் ஒரே இடம். அந்த அம்மா இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முழங்கால் என்றார்."

"அவரே அவசரமில்லை என்றிருக்கிறார்."

"அப்படிச் சொல்லும் ஜனங்களை எனக்குத் தெரியும், என்சிக்."

வரிசையைக் கையால் மாற்ற அமைப்பில் ஒரு வழி இருந்தது. காரணத்தையும் பெயரையும் தட்டெழுத வேண்டும். திரை வந்த இரண்டு வருடத்தில் அந்த அறையில் இரண்டோ மூன்றோ பேர்தான் அதைத் தொட்டிருந்தார்கள்.

"உங்கள் பெயரில் எழுதுங்கள்," என்றார் ஹம்டான்.

எழுதினாள். மஞ்சள் புள்ளி சிவப்பானது. நாற்பத்தொன்றும் ஐம்பத்தெட்டும் கண்ட வரி முதலாம் இடத்துக்கு ஏறியது. ஐந்தாக இருந்தது ஆறாகியது. படகுக்குப் பொறுப்பான ராஜு வானொலியில் இரண்டு தடவை உறுதி கேட்டான். அவள் இரண்டு தடவையும் அதையே சொன்னாள். படகு திரும்பியது.

பன்னிரண்டு பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. இளம் பெண்ணின் குரல்.

"அக்கா, நான் நித்தியா பேசுறேன். மூனாவது வாட்டி கூப்புடுறேன். எங்க அப்பா சிவானந்தம், லங்ஸ் பேஷண்ட். மேச மேல ஒக்கார வச்சிருக்கேன். ஒடம்பெல்லாம் நடுங்குது அக்கா. போட் எப்பதான் வரும்?"

ஐந்தாம் வரி.

அமராவதி திரையைப் பார்த்தாள். படகு எதிர்த்திசையில் இருந்தது. அது தோட்டத்துக்குப் போய், திரும்பி, அந்த வீட்டுக்குப் போக எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும்.

"வந்துக்கிட்டே இருக்காங்கம்மா," என்றாள்.

"ஷுவரா அக்கா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க. அப்பாவப் போர்வ போட்டு மூடுங்க."

"தேங்க் யூ அக்கா. தேங்க் யூ."

தொழிற்சாலை மேசையில் பழகிய குரல் அது. ஒரே மட்டத்தில், இதமாக, எதையும் காட்டாமல் வந்தது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ராஜு வானொலியில் வந்தான். "பாட்டி கெடச்சிட்டாங்க. கட்டில் மேல பலகையப் போட்டு அது மேல நிக்கிறாங்க. உத்தரத்தப் புடிச்சிக்கிட்டு இருக்காங்க. இப்ப நெஞ்சு வரைக்கும் தண்ணி." சத்தம் இரைந்தது. "பின்னால லயத்துக் கூரைல இன்னும் ரெண்டு பேரு. போன் இல்லயாம்."

அறையில் யாரோ கை தட்டினார்கள். ஹம்டான் அவள் நாற்காலியின் முதுகைத் தொட்டுவிட்டுப் போனார். அமராவதி கழிப்பறைக்குப் போய் அந்தத் துவாரத்தில் முகத்தை வைத்து நின்றாள். வெளியே நல்ல வெயில். மருந்துக்கடைக்கு எதிரில் ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

படகு சிவானந்தத்தின் வீட்டுக்குப் போனபோது மணி இரண்டு. அவர் மூச்சோடுதான் இருந்தார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். புள்ளி சாம்பலானது, மறைந்தது.

அதோடு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது முடிந்தது. ஆனால் வெள்ளம் வடியும் வரை மாவட்டத்திலிருந்து தினமும் ஓர் அறிக்கை வரும். அதை அவள்தான் கோப்பில் சேர்ப்பாள். திங்கட்கிழமை அறிக்கையில் இறந்தவர் ஒருவர் என்று இருந்தது. சிவானந்தம், வயது 74, நுரையீரல் தொற்று.

ஹம்டானிடம் காட்டினாள். அவர் தாளை வாங்கிப் படித்தார்.

"பழைய நோய் காக். டாக்டரும் அதைத்தான் எழுதியிருக்கிறார். படகு நேராகப் போயிருந்தால் தோட்டத்தில் மூன்று பேர் போயிருப்பார்கள். நீங்கள் செய்தது சரி."

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சின்னக் கூட்டம் ஒன்று நடத்தி, கேக் வெட்டி, அவளை நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவள் சிரித்தாள். படகைத் திருப்பியது சரி என்று அவளுக்கும் தெரியும். இன்னொரு தடவை அதே காலை வந்தாலும் அதையேதான் செய்வாள். அவளை உறுத்தியது வேறு. அதை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, சொன்னாலும் புரிந்திருக்காது என்றும் அவளுக்குத் தோன்றியது.

வார விடுமுறை நாளில் காரை எடுத்துக்கொண்டு சுங்கை ஆயர் தாவார் போனாள். வெள்ளத்தில் வீடு இழந்தவர்களை ஒரு பள்ளி மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். காளியம்மா ஒரு மூலையில் மெத்தை மேல் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பெரிய டி சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். மிகவும் சின்ன உருவம். குரலைக் கேட்டபோது இன்னும் பெரிய ஆளாக நினைத்திருந்தாள் அமராவதி.

"லிஸ்ட் எடுக்க வந்தியாம்மா? நேத்தே எழுதிட்டுப் போனாங்களே."

"இல்லம்மா. அன்னிக்குப் போன்ல பேசுனது நாந்தான்."

கிழவி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மெத்தையில் நகர்ந்து இடம் விட்டாள்.

கொஞ்ச நேரம் தோட்டத்தைப் பற்றி, தண்ணீரில் போன கோழிகளைப் பற்றிப் பேசினார்கள். அமராவதிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கட்டில்மேல ஏறி நின்னுக்கிட்டு ஏம்மா முட்டி வரைக்கும்னு சொன்னீங்க? ஏன் அவசரமில்லன்னு சொன்னீங்க?"

"முட்டிக்குத்தானே இருந்திச்சி? பொய் சொல்லலியே." காளியம்மா மருந்துக் குப்பியை மூடினாள். "அவசரம்னு சொல்லி எனக்கு யாரும் வந்தது கெடையாதும்மா. மவன் கிள்ளான்ல இருக்கான், புனிதன்னு பேரு. அவங்கிட்ட அவசரம்னு சொல்லிச் சொல்லி வாயி ஓஞ்சிருச்சி. சொல்லாம இருந்தா வராட்டிப் போனாலும் மனசுக்கு ஒன்னும் இல்ல பாரு."

அமராவதி கிளம்பும்போது கிழவி அவள் பெயரைக் கேட்டாள். சொன்னாள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தோட்டம் என்று கேட்டாள். அதையும் சொன்னாள். கல்யாணம் ஆச்சா என்று கேட்டாள். ஆயிற்று என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அறிக்கை வந்து இரண்டு வாரத்தில் சிவானந்தத்தின் பதினாறாம் நாள் காரியம். பத்திரிகையில் சின்னதாக விளம்பரம் வந்திருந்தது. போக வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்றைக்கு விடுப்பும் எழுதிக்கொடுத்திருந்தாள். போனாள்.

ஒற்றை மாடி வீடு. சுவரில் தண்ணீர் நின்ற கோடு நெஞ்சுயரத்தில் பழுப்பாகத் தெரிந்தது. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள், சமையல் நடந்துகொண்டிருந்தது. நித்தியாவை அடையாளம் காட்டச் சொல்லித் தேடினாள். முப்பது வயது இருக்கும், தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம் பேரு அமராவதி. வெள்ளத்தன்னிக்கு நீங்க மூனாவது வாட்டி கூப்பிட்டப்ப பேசுனது நாந்தான்."

நித்தியாவின் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "அக்கா! நீங்களா? அன்னிக்கு நீங்க மட்டுந்தான் நல்லா பேசுனீங்க. அம்மாட்டக்கூட சொன்னேன்."

"நா பொய் சொன்னேன்மா."

"என்ன அக்கா?"

"போட் அப்ப வந்துக்கிட்டு இல்ல. ஒங்க வீட்டுக்கு வந்த போட்ட நாந்தான் வேற எடத்துக்குத் திருப்பி விட்டேன். தோட்டத்துல மூனு பேரு மாட்டிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு மணி நேரம் ஆவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன்."

நித்தியா கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாள். உள்ளே யாரோ தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மூனு பேரு?"

"பொழச்சிட்டாங்க."

தலையை ஆட்டினாள். வெகு நேரம் துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு எதிர்வீட்டைக் காட்டினாள். மாடி வீடு.

"அவங்க வந்து கேட்டாங்க அக்கா. அங்கிள் ஒருத்தரு, அவரு மவனுங்க ரெண்டு பேரு. அப்பாவ நாற்காலியோட தூக்கிட்டு மாடிக்குப் போய்டலாம்லா, தண்ணிக்கு வெளிய காஞ்ச துணில இருக்கட்டும்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன். போட் வருது, எதுக்குப் போட்டு அலக்கழிக்கணும்னு. ரெண்டு மணி வரைக்கும் அப்பாட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். வருதுப்பா, வருதுப்பான்னு."

அமராவதிக்கு அது தெரியாது. எதிர்வீட்டில் மாடி இருந்தது எந்த வரைபடத்திலும் இல்லை.

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வரல," என்றாள். "நீங்க தெரிஞ்சிக்கணும்னு."

"தெரியாமலே இருந்திருக்கலாம்," என்றாள் நித்தியா. கோபமாகச் சொல்லவில்லை. அப்படியே நினைத்ததைச் சொன்னாள். "இத்தன நாளா, நாம செய்ய வேண்டியத செஞ்சோம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

உள்ளிருந்து யாரோ நித்தியாவைக் கூப்பிட்டார்கள். அவள் போனாள். வாசல்படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அமராவதி கூடாரத்தின் ஓரமாக நடந்து காருக்கு வந்தாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாப்பிட வந்தவர்களில் ஒரு பெரியவர் குனிந்து, "காரு ஸ்டார்ட் ஆவலியாம்மா?" என்று கேட்டார். ஆகும் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் அவள் ஹம்டானுக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். இருபது நிமிடம் செய்தி வராத மானி, பழைய நிறத்தில் நிற்கக் கூடாது; உள்ளே நிறமில்லாத வெறும் வளையமாகத் தெரிய வேண்டும். திருப்பி அழைத்தும் எடுக்காதவர்களின் வரி தானாக மேலே ஏற வேண்டும். "தண்ணீர் எவ்வளவு" என்று கேட்கும்போதே "எதன் மேல் நிற்கிறீர்கள்" என்றும் கேட்க வேண்டும். கடைசியாக, ஒருவரின் வரிசையை மாற்றினால் கீழே தள்ளப்பட்டவர்களை அழைத்து, எவ்வளவு தாமதம் என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

முதலாவது எட்டு மாதத்தில் நடந்தது. இப்போது செத்துப்போன மானி திரையில் ஒரு வெற்று வளையமாக இருக்கும்; பார்த்தவுடன் கண்ணை இழுக்கும். கேள்வி படிவத்தில் சேர்ந்தது. எடுக்காத அழைப்பு விஷயம் இன்னும் ஏதோ ஒரு குழுவிடம் இருக்கிறது. கடைசி யோசனையை வேண்டாம் என்றுவிட்டார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்று காரணம் எழுதியிருந்தது. ஹம்டான் அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, "உங்கள் மேசையில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நான் ஒட்டுக்கேட்பதில்லை, காக்," என்றார்.

போன நவம்பரில் மறுபடி தண்ணீர் வந்தது. அவ்வளவு பெரிதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவர் அழைத்தார். அர்ஜுனன் என்று பெயர் சொன்னார். மனைவிக்கு மாதம் ஒன்பது, வலி இன்னும் இல்லை, வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பட்டியலில் பதினான்காம் வரி.

"எப்ப வருவாங்க?"

"ஒன்ர மணி நேரம் ஆவுங்க. அதுக்கு மேலயும் ஆவலாம்."

"என்னது? ஒன்ர மணி நேரமா? நீங்கள்லாம் எதுக்கு அங்க ஒக்காந்திருக்கீங்க?" அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். ஒரே மட்டத்தில் வைத்திருக்கும் குரல் அன்று அவளுக்கு வரவில்லை.

"கோவப்படுங்க, பரவாயில்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சது அதான். பக்கத்துல மாடி வீடு இருக்கா? மேடான எடம் எதாச்சும்?"

எதிர்முனையில் மூச்சு வாங்கியது. "ஸ்கூல் இருக்கு. பின்னால."

"தண்ணி கணுக்காலுக்கு இருக்கும்போதே நடத்திக் கூட்டிக்கிட்டுப் போய்டுங்க. மெதுவா. போய்ட்டு எனக்கு ஒரு கால் அடிங்க, போட்ட அங்க வரச் சொல்றேன்."

பதினைந்து நிமிடத்தில் அழைத்தார். பள்ளியின் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். மனைவி பரவாயில்லை. அவர் குரல்தான் இப்போது நடுங்கியது.

"போட் வர்ற வரைக்கும் நீங்க லைன்லயே இருங்களேன்," என்றார்.

அமராவதி திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். காத்திருக்கும் அழைப்புகள், எட்டு.

"முடியாதுங்க," என்றாள். "எட்டுப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி நானே கூப்புடுறேன்."

சொன்னபடியே கூப்பிட்டாள். எட்டாவது தடவை கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. புள்ளி சாம்பலாகியிருந்தது. அவர்களைப் படகில் ஏற்றியிருப்பார்கள். அரை மணி நேரம் அந்தப் புள்ளி அங்கேயே இருந்தது. அழைப்புகளுக்கு நடுவே அவள் அதை இரண்டு மூன்று தடவை பார்த்தாள். பிறகு பார்த்தபோது இல்லை.